தலையில் எண்ணெய் உண்டா?

காலை ஐந்து நாற்பது. கரமனையில் அந்த வீட்டின் கதவு திறந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு மூக்கு. நான் ஒரு படி கீழே நின்றிருந்தேன். அது என் உச்சந்தலைக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்று, இரண்டு முறை காற்றை இழுத்தது. மூக்கு பின்வாங்கிய பிறகுதான் அதற்குரிய முகம் தெரிந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண்மணி. செம்பட்டை பாய்ந்து, காற்று இல்லாமலே பறக்கும் தலைமுடி.

“தேங்காயெண்ணெ. நேத்து காலம்பற வச்சது,” என்றார். “தென்காசிதானே?”

“ஆமா. எண்ணெயிலயே ஊர் தெரியுமா?”

“எண்ணெயில ஊர் தெரியாது. போன்ல நீங்கதான் சொன்னிய.”

ஒரு தமிழ் நாளிதழின் திருவனந்தபுரம் பதிப்புக்கு உதவி ஆசிரியராக என்னை மாற்றியிருந்தார்கள். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்டியோடு நேராக மாடி அறையைப் பார்க்க வந்திருந்தேன். வாடகைக்கு வீடு தேடுகிறவனிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் ரயிலிலேயே பதில் தயாரித்து வைத்திருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, சமைக்க மாட்டேன், நண்பர்கள் வரமாட்டார்கள். அவர் எதையும் கேட்கவில்லை.

“மாடியில துணி காயப்போட ஒத்தக் கொடிதான் உண்டு. என் வேலைத் துணி அதுலதான் காயும். உங்க தலையாணி உறை அது மேல படப்பிடாது. தலைக்கு எண்ணெ வைக்காம இருப்பியன்னா மேல போயி ரூமப் பாருங்க.”

அவருக்குப் பின்னால், கையில் காப்பித் தம்ளரோடு வேட்டி கட்டிய ஒருவர் நின்றிருந்தார். “சம்மதிச்சிருங்க தம்பி,” என்றார். “நான் கல்யாணத்துக்கு முந்தியே சம்மதிச்சாச்சு.”

அது அவருடைய கணவர். ஊரார் அவரை அண்ணாச்சி என்று அழைத்தார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அந்தப் பெண்மணியை அக்கா என்றேன். அண்ணாச்சி, சாலை என்ற பெயருள்ள பழைய கடைத்தெருவில் எண்ணெய் வியாபாரம் செய்தார். தேங்காயெண்ணெய், மொத்தமாகவும் சில்லறையாகவும்.

எண்ணெய் ஏன் ஆகாது என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. அக்கா விழிஞ்ஞத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த ஒரு தனியார் மீன்குஞ்சுப் பண்ணையில் வேலை பார்த்தார். கடல்மீன்களின் முட்டையைப் பொரிக்கவைத்து, பொரித்த குஞ்சை விரல் நீளத்துக்கு வளர்த்து, மீன் வளர்ப்பவர்களுக்கு விற்கிற இடம். முட்டை பொரித்ததிலிருந்து குஞ்சு மீன் என்று சொல்லும்படி ஆகிறவரை உள்ள பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. அந்தப் பருவத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். தெருவில் மீன் டாக்டர் என்றார்கள். நாலு வீடு தள்ளி ஒரு கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் மல்லாந்துவிட்டது என்று ஒருமுறை கூப்பிட்டார்கள். போய்க் குனிந்து பார்த்து, “செத்தாச்சு,” என்று சொல்லிவிட்டு வந்தார். மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

எண்ணெய்க்கும் மீனுக்கும் என்ன பகை என்று நான் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் காலைப் பலகாரம் எல்லாமே ஆவியில் வெந்தது. இட்லி, இடியாப்பம், புட்டு. தோசைக்கல் பரண்மேல் கிடந்தது.

“உங்களுக்கு மூச்சு எத்தனை தடவை வேணும்?” என்று கேட்டார்.

“கணக்கு வச்சதில்லை.”

“கொடுவாக் குஞ்சுக்கு ஒண்ணுதான். பொரிச்சு ரெண்டு மூணு நாள்ல வாய் தொறக்கும். பொறவு மேல வரும். தண்ணிக்கு மேல ஒரு தோல் உண்டு பாத்திருக்கியளா? அதை முட்டித் தொறந்து ஒரு வாய் காத்தக் குடிக்கும். அந்தக் காத்துதான் வயித்துக்குள்ள பையில நின்னு அதை மெதக்க வைக்கும், ஆயுசுக்கும். கொஞ்ச நாள்ல அந்த வழி அடஞ்சுபோவும். அதுக்குள்ள குடிக்கலன்னா குடிக்காததுதான்.”

“குடிக்கலன்னா?”

“முதுகு வளஞ்சுபோவும். வால் கீழ, தல மேல. நீந்தி நீந்தியே களைச்சுச் சாவும்.”

“எண்ணெய் எங்க வருது இதுல?”

“தண்ணி மேல எண்ணெ பாலாடை மாதிரி பாடை கட்டிச்சுன்னா அந்தத் தோலு ரப்பர் மாதிரி ஆயிரும். குஞ்சு கண்ணிமை மயிரு கனம்கூட இல்ல. அது எப்படி முட்டும்? ஒரு சொட்டு போதும் தம்பி, ஒரு தொட்டிக்கு.”

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு வேலையைச் செய்வது எத்தகையது என்பதை, அந்த ஊரில் ஒரு மாதமாவது தங்கியவர்களுக்கு விளக்க வேண்டாம். குளித்துவிட்டு வருகிற ஒவ்வொரு தலையும் பளபளக்கும். கிழக்கேகோட்டையில் நேந்திரங்காய் வறுக்கிற புகைக்குள் நுழையாமல் பேருந்து ஏற முடியாது. அக்கா வேலைக்குப் போகிற நாட்களில் கிழக்கேகோட்டைப் பக்கம் ஸ்கூட்டரைத் திருப்பியதே இல்லை. சுற்று வழியில் பைபாஸைப் பிடித்துப் போவார். ஒரு முறை பைபாஸிலும் ஒருவர் புதிதாக சிப்ஸ் கடை போட்டுவிட்டார். அக்கா அன்று வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர் இறந்த செய்தியைச் சொல்கிற குரலில் அதைச் சொன்னார்.

அண்ணாச்சி கடையிலிருந்து திரும்புவது ஒரு சடங்கு. முன்வாசல் அவருக்குக் கிடையாது. பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய், கடைச் சட்டையை மூடி போட்ட வாளியில் இட்டு, பயத்தம்பொடி தேய்த்து இரண்டு தரம் குளித்து, பின்கதவைத் தட்டுவார். கதவு திறக்கும். மூக்கு வரும். சில நாட்கள் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். அண்ணாச்சி மூன்றாவது தரம் குளிப்பார்.

“சோப்புப் போட்டா சட்டுன்னு போயிராதா அண்ணாச்சி?” என்று மாடியிலிருந்து கேட்டேன்.

“சோப்பும் பாடை கட்டும்லா,” என்றார், தலையில் தண்ணீரோடு. “அதுக்கு வேற ஒரு பாடம் உண்டு. இறங்கி வாங்க, அவ சொல்லுவா.”

மாதத்துக்கு இரண்டு முறை நானும் அண்ணாச்சியும் தம்பானூரில் ஒரு ஹோட்டலுக்கு நெய் ரோஸ்ட் சாப்பிடப் போவோம். போகிற வழியில் அதிகம் பேசமாட்டோம். திரும்பும்போது ஆளுக்கு ஒரு கதை தயாராக இருக்கும். அக்கா கதையைக் கேட்பதில்லை. ஒரு தரம் காற்றை இழுத்துவிட்டு, “ஆளுக்கு ரெண்டா?” என்று மட்டும் கேட்பார்.

சாலைக் கடைக்கு மேல்மாடியில் அண்ணாச்சியின் அப்பா இருந்தார். பெரியவர் என்போம். எழுபது கடந்தவர், நாகர்கோவிலில் இருந்து வந்து கடையை உண்டாக்கியவர். தலையில் வைத்த எண்ணெய் காதோரம் இறங்கி, கழுத்தில் ஒரு கோடாக நிற்கும். அவருடைய குறை ஒன்றுதான்.

“எண்ணெக்காரன் வீட்டு மருமவ தல தேங்கா நாரு மாதிரி கிடக்கு,” என்பார் என்னிடம். “கடைக்கு வாறவன் என்ன நினைப்பான்? வீட்டுக்காரியே வாங்க மாட்டேங்கா, நாம எதுக்கு வாங்கணும்னு நினைக்க மாட்டானா?”

“அப்படின்னா கடைக்கு வாறவங்களுக்கு என் தலையக் காட்டாதீங்க மாமா,” என்பார் அக்கா.

“உன்னையவே கடைக்கு வரச் சொல்லுகேன் மக்ளே. தலையில எண்ணெ வச்சுக்கிட்டு கல்லாவுல இருந்து பாரு. டாக்டர் பில் போடுற கடைன்னா யாவாரம் எங்கயோ போவும்.”

இதில் அண்ணாச்சி மனைவியின் பக்கம். தத்துவக் காரணம் எதுவும் இல்லை. “அவ கல்லாவுல இருந்தா வாற ஆளையெல்லாம் மோந்து பாப்பா,” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். “யாவாரம் படுத்திரும்.”

வாடகையோடு நான் ஒரு பொருளும் கொடுத்து வந்தேன். எங்கள் அச்சகத்தில் காகித உருளை தீர்கிற இடத்தில் கொஞ்சம் அச்சாகாத தாள் மிஞ்சும். அதை மாதம் ஒரு கட்டு அக்காவுக்குக் கொண்டுவருவேன். அவர் அதைத் துண்டுகளாக வெட்டி, தொட்டியின் மேல்பரப்பைத் தொட்டு எடுத்து, உலர்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். எண்ணெய் இருந்தால், வடை மடித்த காகிதம்போல ஒரு புள்ளி கண்ணாடியாகத் தெரியும். முதல் மாதம் தெரியாத்தனமாக ஒரு கட்டு பழைய பத்திரிகையையே கொண்டுவந்து கொடுத்தேன். அதில் நான் சிரமப்பட்டு எழுதிய ஒரு கட்டுரை இருந்தது.

“அச்சடிச்சது வேண்டாம்,” என்று திருப்பிக் கொடுத்தார். “மையிலயும் எண்ணெதான். நீங்க எழுதாத தாள் இருந்தா கொண்டாங்க.”

பண்ணைக்கு என்னை ஒரு முறை அழைத்துப்போனார். வாசலில் மேரி சேச்சி நின்றார். கடலோரத்துக்காரர், தொட்டிகளைச் சுத்தம் செய்து தீனி போடும் வேலை. ஆள் என் தோள்வரைதான். “தல இஞ்ஞோட்டு காணிச்சே,” என்றார். குனிந்து காட்டினேன். அக்காவிடம் பயின்ற மூக்கு. இந்த மேரி சேச்சியே ஒரு முறை தங்கை மகள் கல்யாணத்துக்கு மறுநாள் எண்ணெயும் பூவுமாக வேலைக்கு வந்து, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர். பல நாள் அக்காவோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபோது அக்காவைவிடக் கடுமையானவராக மாறியிருந்தார். என் தலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டிவிட்டு, கையைப் பயத்தம்பொடியில் கழுவவைத்து, அதன் பிறகே உள்ளே விட்டார்.

உள்ளே வட்டமான பெரிய தொட்டிகள். பாசி கலந்து பச்சையாக இருந்த தண்ணீர். ஓரத்தில் காற்று ஊதி மேல்பரப்பின் படலத்தை ஒரு மூலைக்குத் தள்ளுகிற சிறிய சட்டம் மிதந்தது. முட்டையிலேயே ஒரு துளி எண்ணெய் உண்டு, தீனியிலும் மீனெண்ணெய் சேர்க்கிறார்கள் என்று அக்கா சொன்னார். அதை எடுக்கத்தான் அந்தச் சட்டம்.

நான் மடக்கிவிட்டதாக நினைத்தேன். “அப்ப எண்ணெய் மீனிடமே இருக்குதே அக்கா. எங்க தலையை ஏன் குற்றம் சொல்றீங்க?”

“அந்த எண்ணெ என் கணக்குல உண்டு,” என்றார். “உங்க தல என் கணக்குல இல்ல.”

குஞ்சுகளைக் காட்டுங்கள் என்றேன். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் முகந்து விளக்குக்கு எதிரே பிடித்தார். எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தபின் ஓர் இமைமயிர் நகர்ந்தது. அதன் ஒரு முனையில் இரண்டு கரும்புள்ளிகள்.

“அது கண்ணு,” என்றார். “மிச்சம் எல்லாம் இனிமேதான்.”

அந்தத் தொகுதி பிழைக்கவில்லை. அதற்கு முந்தியதும் பிழைத்திருக்கவில்லை. இரண்டு தடவையும் முதுகு வளைந்த குஞ்சுகள். முதல் தடவை காற்றுச் சட்டம் பழுதானது காரணம். இரண்டாம் தடவைக்குக் காரணம் தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு தலையாக நினைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். என்னை நிமிர்ந்து பார்க்கும்போது கண் என் முகத்துக்கு வருமுன் நெற்றிக்கு மேலே ஒரு கணம் தங்கும்.

பண்ணை முதலாளி வளைகுடாவில் இருந்து சம்பாதித்து வந்தவர். நல்ல மனிதர். அவருடைய பொறுமைக்கும் ஓர் அளவு இருந்தது. “ஒரு பேட்ச் கூடி நோக்காம், டாக்டரே,” என்றார். “அதும் போயால் பின்னெ இவிடம் ரிசார்ட்டாணு. தொட்டியில் பிள்ளேரு நீந்தட்டெ.” இன்னும் ஒரே ஒரு தொகுதி; அதுவும் போனால், குஞ்சு நீந்தாத தொட்டியில் விருந்தாளிகளின் குழந்தைகள் நீந்துவார்கள். வரைபடம்கூடப் போட்டிருந்தார். அக்கா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது பெரியவர் அங்கே இருந்தார்.

“கடவுளே வழி காட்டியாச்சு,” என்றார் பெரியவர்.

அக்கா ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினார். “சரி மாமா,” என்றார் பிறகு. “இந்தத் தடவையும் குஞ்சு போச்சுன்னா ஓண யாவாரத்துக்கு நான் கல்லாவுல இருக்கேன்.”

“தலையில எண்ணெ வச்சா?”

“வச்சு.”

“வாக்கு மாறமாட்டியே?”

“பேப்பர்காரத் தம்பி இருக்குல்லா, சாட்சி.”

மறுவாரம் நான் சாலைக் கடைக்குப் போனபோது கல்லாவுக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி வந்திருந்தது. சிவப்பு ரெக்சின், கைப்பிடி, உயரம் கூட்டக் குறைக்க ஒரு நெம்புகோல். அதுவரை அந்தக் கடையில் இரண்டு தலைமுறையாக எண்ணெய் டின்களின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. நான் உட்காரப் போனேன்.

“எந்திரி, எந்திரி,” என்றார் பெரியவர். “அவ வந்து பிரிப்பா.”

மூன்றாம் தொகுதி முட்டை பொரித்தது. நன்றாகப் பொரித்தது. இதோடு நிலைமை சீராகும் என்று நினைத்த முதலாளி, புதிதாகக் கட்டிய தொட்டிக்கொட்டகைக்கு ஒரு திறப்பு விழா வைத்தார். குஞ்சுகள் ஏற்கெனவே அந்தக் கொட்டகையில்தான் இருந்தன. விழா நாள், அவை மேலே வந்து காற்றுக் குடிக்க வேண்டிய நாட்களில் ஒன்றாக அமைந்தது. தள்ளிவைக்கச் சொல்லி அக்கா கெஞ்சினார். ஜோசியர் குறித்த நாள், மாற்றமுடியாது. விளக்கேற்ற வருகிறவர் முதலாளியின் சம்பந்தி, ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அவரையும் மாற்றமுடியாது.

விளக்கு என்றதும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். ஆளுயரக் குத்துவிளக்கு, ஐந்து திரி, வழிய வழியத் தேங்காயெண்ணெய், தொட்டிக்குப் பத்தடியில். பேச்சுவார்த்தை ஒரு முழு மதியம் நடந்தது. மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்றார் அக்கா. பிறந்தநாள் விழாவா என்றார் முதலாளி. மின்சார விளக்கு என்றார். முதலாளி ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினார். கடைசியில் விளக்கை வெளிக்கதவுக்குப் பக்கத்தில் வைப்பது, கொட்டகைக்குள் ஐந்து பேருக்கு மேல் வரக்கூடாது, எல்லோரும் தொப்பி போட வேண்டும் என்று முடிவானது. முதலாளியும் ஒரு நிபந்தனை போட்டார். சம்பந்தியை யாரும் மோந்து பார்க்கக் கூடாது.

விளக்குக்கு எண்ணெய் அண்ணாச்சி தருவதாகச் சொன்னார். ஒரு டின், அன்பளிப்பு. “என் பெஞ்சாதி பண்ணைக்கு வேற கடை எண்ணெயா?” என்றார். டின்னோடு அவரும் வந்தார். வெளிக்கதவைத் தாண்டக் கூடாது என்ற கட்டளையோடு.

சம்பந்தி உயரமான, மிடுக்கான, முழு வழுக்கையான மனிதர். வந்தார், கைத்திரியை வாங்கினார், ஐந்து திரியையும் நிதானமாக ஏற்றினார். கைத்திரியில் இருந்து எண்ணெய் விரல்களில் வழிந்தது. திரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நம் ஊர்களில் விளக்கேற்றியவர்கள் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். விரல்களில் இருந்த எண்ணெயை உச்சந்தலையில் துடைத்துக்கொண்டார். பிறகு கொட்டகைக்கு நடந்தார்.

இதைப் பார்த்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். செண்டை மேளம் தொடங்கிவிட்டது. அவர் ஏதோ கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

கொட்டகை வாசலில் மேரி சேச்சி தொப்பியை நீட்டினார். சம்பந்தி சிரித்தார். “எனிக்கு தொப்பி எந்தினா? முடி இல்லல்லோ!” மேரி சேச்சி அக்காவைப் பார்த்தார். அக்கா அந்தத் தலையைப் பார்த்தார். அத்தனை ஆண்டுகளாக அவர் பயந்தது முடிக்கு. முடி இல்லாத தலை எதிரில் வந்தபோது என்ன செய்வது என்று விதி எழுதப்படவில்லை. முதலாளியும் பக்கத்தில் நின்றார். அக்கா தலையசைத்து உள்ளே விட்டார்.

சம்பந்தி தொட்டியின் விளிம்பில் நின்று பச்சைத் தண்ணீரை மரியாதையோடு பார்த்தார். “கடல் வெள்ளமல்லே,” என்றார். கடல்நீரல்லவா, புனிதம். குனிந்து, கோயில் குளத்தில் செய்வதுபோல உள்ளங்கையைத் தண்ணீரில் தொட்டு, நெற்றியிலும் உச்சந்தலையிலும் ஒற்றிக்கொண்டார். திருப்தி போதாமல் மறுபடியும் தொட்டார்.

அப்போதுதான் வெளிக்கதவிலிருந்து வேட்டியை மடித்துப் பிடித்தபடி அண்ணாச்சி ஓடிவந்தார். “தல! தல!” என்று கத்தினார். “அவரு தலையில நம்ம எண்ணெ!” மேரி சேச்சி வலைக்கம்பைக் குறுக்கே நீட்டி அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

தண்ணீரின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்கு வானவில் ஒன்று தோன்றி, தட்டு அகலமாகி, முறம் அகலமாகி விரிந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே முதலாளி சம்பந்தியின் முழங்கையைப் பிடித்து மெல்லப் பந்தலுக்கு அழைத்துப்போனார்.

அக்கா கத்தவில்லை. “தம்பி, தாள்,” என்றார்.

அந்த மாதக் கட்டு அவருடைய மேசைக்கு அடியில் பிரிக்காமல் இருந்தது. ஊதுகாற்றை நிறுத்தச் சொன்னார். தண்ணீர் அசையாமல் நின்றது. நான் தாளைப் பிரித்துக் கொடுக்க, அவரும் மேரி சேச்சியும் விரித்த பாயை இறக்குவதுபோல ஒவ்வொன்றாகத் தண்ணீர்மேல் இறக்கினார்கள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடியானது. கொஞ்சம் பொறுத்து, ஒரு ஓரத்தைப் பிடித்து, எதிர்ப்பக்கம் வரை மடங்காமல் உரித்தெடுத்தார்கள். மறுபடியும் புதுத் தாள். ஒவ்வொரு தாளிலும் சில இமைமயிர்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. அக்கா அவற்றைப் பார்க்காமல் தாளை எனக்குப் பின்னால் போட்டார்.

“நானும் ஒரு கை பிடிக்கட்டா?” வாசலில் இருந்து அண்ணாச்சி.

“அங்ஙனயே நில்லுங்க. இந்தப் பக்கம் பாத்து மூச்சு விடாதீங்க.”

அண்ணாச்சி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வெளியே ஒலிபெருக்கியில் சம்பந்தி பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு சுத்தமான இடத்தைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்றார். கைதட்டல் கேட்டது.

கட்டு தீர்கிறவரை உரித்தோம். கடைசித் தாளில் கண்ணாடிப் புள்ளி இல்லை. அக்கா அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு தொட்டி விளிம்பில் கையை ஊன்றி நின்றார். 

“எடுத்தது எண்ணெயத்தான்,” என்றார். “குஞ்சு காத்தக் குடிச்சாச்சா இல்லையான்னு இப்பம் தெரியாது.”

தெரிகிறவரை அந்த வீட்டில் யாரும் ஓணம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. அக்கா சொல்லாமலே அண்ணாச்சி மூன்று தரம் குளித்தார். நான் நெய் ரோஸ்ட் பற்றிய யோசனையைக்கூட அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். பெரியவர் மட்டும் கடையில் இருந்து ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னாச்சு, நாற்காலியின் உயரத்தை எவ்வளவு வைக்க?

ஒரு காலையில் பண்ணையில் இருந்து அக்கா எனக்கு ஃபோன் செய்தார். “வாங்க,” என்று மட்டும் சொன்னார். மேரி சேச்சி தலையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் உள்ளே விட்டார். மேசைமேல் நுண்ணோக்கி. அதற்கு முன்னால் அக்கா கால் ஆடுகிற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பண்ணை தொடங்கிய நாளில் இருந்து அந்த ஸ்டூல்தான். எழுந்து எனக்கு இடம் விட்டார்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடியால் செய்தது போன்ற ஓர் உடம்பு. பெரிய கருங்கண். கண்ணுக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் கீழே, ஒரு குமிழி. பனித்துளியில் வெயில் படும்போது இருக்குமே, அப்படி மின்னியது.

“இதுல காத்து இருக்கு,” என்றார் அக்கா. கண்ணாடித் தகட்டை மாற்றினார். “இதுலயும் இருக்கு. இதுல இருக்கு.” இன்னொன்று. “இதுல இல்ல. போட்டும்.” இன்னொன்று. “இதுல இருக்கு.”

இருந்தவைதான் அதிகம். இல்லாதவை சில நாட்களில் தாமாகவே போயின. மீதி கிடையாக நீந்தின, தின்றன, பெரியது சிறியதைத் தின்னப் பார்த்தது. ஜாதி குணம் அது என்று அக்கா அளவு பார்த்துப் பிரித்து வேறு வேறு தொட்டிகளில் விட்டார். ஓணத்துக்கு முந்திய வாரம், பிராணவாயு நிரப்பிய பைகளில் குஞ்சுகள் லாரி ஏறின. முதலாளி வரைபடத்தைச் சுருட்டி மேசைக்கடியில் வைத்தார். சம்பந்திக்கு நடந்தது எதுவும் இன்றுவரை தெரியாது. இந்தக் கைராசி தம்முடையது என்று அவர் சொல்லிவருவதாகக் கேள்வி.

ஓண வியாபாரம் முடிந்த மறுநாள் நான் பண்ணையில் இருந்தேன். புதிய கட்டுத் தாள் கொண்டுபோயிருந்தேன். வெளிக்கதவில் ஓர் ஆட்டோ நின்றது. அதன் பின்பக்கத்தில் கயிற்றால் கட்டப்பட்டு, நான்கு சக்கரங்களும் வானம் பார்க்க, சிவப்பு நாற்காலி. அண்ணாச்சி இறங்கி வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். பெரியவர் இறங்கி உள்ளே நடந்தார். அவர் பண்ணைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

மேரி சேச்சி வழிமறித்தார். “தல இஞ்ஞோட்டு காணிச்சே.”

பெரியவர் துண்டை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தார். வெள்ளை முடி காய்ந்து, எழும்பி, நாலா பக்கமும் நின்றது. காதோரத்துக் கோடு இல்லை. மேரி சேச்சி மோந்து பார்த்தார். நம்பிக்கை வராமல் மறுபடி மோந்து பார்த்தார். விலகி வழி விட்டார்.

அக்கா மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். “என்ன மாமா இது?”

“கடையில சும்ம கிடக்கு,” என்றார் பெரியவர். “எடத்த அடைக்கி. இங்ஙன வேணும்னா வச்சுக்க.”

அவர் ஸ்டூலை ஒரு பார்வை பார்த்தார்.

அக்கா எழுந்து நாற்காலியைச் சுற்றி வந்தார். கைப்பிடியை மோந்தார், முதுகை மோந்தார், குனிந்து சக்கரங்களை மோந்தார். சக்கரங்களைக் கழற்றிப் பயத்தம்பொடியில் கழுவச் சொன்னார். கழுவிக் கொண்டுவந்ததும் ஸ்டூலை நகர்த்திவிட்டு நுண்ணோக்கிக்கு முன்னால் அதைப் போட்டு உட்கார்ந்தார். நெம்புகோலை இழுத்து உயரத்தைச் சரிசெய்தார்.

அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கவில்லை.